மகளின் பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் இல்லை. கோயிலில் திருமணம் நடந்தது, எழுத்து (சட்டப்படியான திருமணப் பதிவு) நடக்கவில்லை (லண்டன்)

நிலா_ஈஸ்ட்ஹாம்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் மகளுக்கு மூன்று வயது. அவளுடைய பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர், அவர் பிறந்த இடம், தொழில் ஆகிய கட்டங்களில் ஒரு கோடு மட்டுமே இழுக்கப்பட்டிருக்கிறது.

நாங்கள் 2019இல் லண்டனிலுள்ள ஒரு கோயிலில் திருமணம் செய்துகொண்டோம். ஐயர், தாலி, கூறை, பந்தி எல்லாம் முறைப்படி நடந்தன. எழுத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். பிறகு நோய்த்தொற்றுக் காலம் வந்தது, அப்படியே நின்றுபோனது. மகள் பிறந்த இரண்டாம் வாரத்தில் மாமியார் யாழ்ப்பாணத்தில் காலமானார். கணவர் உடனே புறப்பட்டுவிட்டார். முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி முடித்து அவர் திரும்புவதற்குள் பதிவுக்கான 42 நாள் கெடு கடந்துவிடும் என்பதால் நான் தனியாகப் போனேன். கோயிலில் தந்த திருமணச் சான்றைக் காட்டினேன். இது சட்டப்படியான பதிவு அல்ல, தந்தை நேரில் வந்தால்தான் பெயரை எழுதலாம் என்றார்கள்.

இப்போது மகளுக்குக் கடவுச்சீட்டு எடுக்க வேண்டும். பள்ளிக்கூட விண்ணப்பமும் வருகிறது. இந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் கணவர் பேசாமல் எழுந்து போய்விடுகிறார். இனிப் பெயரைச் சேர்க்க முடியுமா? மரபணுப் பரிசோதனை கேட்பார்களா? தெரிந்தவர் ஒருவர், பணம் கொடுத்தால் தான் முடித்துத் தருவதாகச் சொல்கிறார்.

பதிவுமேசை

தங்கச்சி, முடியும். மூன்று வயது ஒரு தடையே இல்லை. பணம் கேட்பவருக்கு ஒரு பென்னிகூடக் கொடுக்காதீர்கள். பதிவாளர் அலுவலகங்களில் எங்கள் சனங்களுக்கு மொழிபெயர்க்கப் போகிறவள் என்பதால் இதே நிலையில் பல குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்தில் இதற்கு மறுபதிவு என்று பெயர். பழைய பதிவில் யாரும் பெயரைச் செருகுவதில்லை. தந்தையின் விவரங்களோடு புதிய பதிவு எழுதப்படும், பழையதன் ஓரத்தில் மறுபதிவு நடந்ததற்கான குறிப்பு இடப்படும். நீங்கள் இருவரும் ஒத்த மனதோடு நேரில் போய்க் கையெழுத்திட்டால் மரபணுப் பரிசோதனையும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. மறுபதிவுக்குக் கட்டணமும் கிடையாது. புதிய சான்றிதழின் பிரதிக்கு மட்டும் பணம் கட்ட வேண்டும்.

படிவம் இரண்டு விதம். பெற்றோர் சட்டப்படி மணம் செய்யாதவர்கள் என்றால் ஜி.ஆர்.ஓ. 185. பிள்ளை பிறந்த பிறகு பெற்றோர் சட்டப்படி மணம் செய்துகொண்டால் எல்.ஏ. 1. இன்றைய நிலையில் உங்களுக்கு உரியது முதலாவது. இரண்டும் அரசாங்க இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். படிவத்தில் திருமணத் தேதி கேட்கும் இடத்தில் கோயில் தேதியை எழுத வேண்டாம். நீங்கள் மனைவியில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பிறப்புப் பதிவுக்கு அறிந்தே பொய்த் தகவல் கொடுப்பது இங்கே 1911ஆம் ஆண்டின் பொய்ச்சத்தியச் சட்டத்தின்படி குற்றம். உண்மையாகவே நடந்த திருமணம்தானே என்று நல்ல மனதோடு எழுதப்போய் வீண் விசாரணையில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

வடமராட்சியான்

நான் வேறு வழி சொல்வேன். முதலில் எழுத்தை முடியுங்கள், பிறகு எல்.ஏ. 1 போடுங்கள். இப்போது 185 போட்டுப் பெயரைச் சேர்த்தாலும் நாளைக்கு எழுத்து நடந்ததும் மறுபடியும் பதிவு செய்யத்தான் வேண்டும். 1976ஆம் ஆண்டின் சட்டப்படி, திருமணம் நடந்த மூன்று மாதத்துக்குள் பெற்றோர் அதற்கான தகவலைக் கொடுக்க வேண்டும். தந்தையின் பெயர் ஏற்கெனவே இருந்தாலும் அது கட்டாயம். இரண்டு தடவை அலைவதை விட ஒரே தடவையில் முடித்துவிடலாம்.

பதிவுமேசை

அண்ணா சொல்வது சட்டப்படி சரி. ஆனால் நான் அதற்காகக் காத்திருக்கச் சொல்லமாட்டேன். காரணம் சொல்கிறேன்.

எழுத்துக்கு இருவரும் பதிவாளர் அலுவலகத்தில் முன்னறிவித்தல் கொடுத்து 28 நாள் பொறுக்க வேண்டும். ஒருவருக்கு நிரந்தர வதிவிட உரிமை இல்லையென்றால் உள்துறை அமைச்சு அதை 70 நாள் வரை நீட்டலாம். பிறகு மண்டபம், நாள், நட்சத்திரம் என்று எங்கள் வீடுகளில் அது எங்கே போய் நிற்கும் என்பது உங்களுக்கும் தெரியும்.

இடையில் தந்தைக்கு ஏதாவது நேர்ந்தால்? கையெழுத்திட அவர் இல்லையென்றால் இந்த எளிய படிவம் பயன்படாது, நீதிமன்றம்தான். அந்த வழக்குக்காக அலைந்த ஒரு தாயின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளையின் பெயரால் வரவேண்டிய உரிமைகளுக்கு அவர் பட்ட பாட்டை இன்னொருவர் படக் கூடாது.

இன்னொன்று, தந்தைக்கு உரிய பெற்றோர் பொறுப்பு, அதாவது பிள்ளைக்காக முடிவெடுக்கும் சட்ட உரிமை. 2003 டிசம்பர் 1 முதல், மணமாகாத தந்தையின் பெயர் தாயோடு சேர்ந்து பதிவானால் அவருக்கு அந்த உரிமை தானாகவே கிடைக்கிறது. மறுபதிவுக்கும் அது பொருந்தும். இன்றைக்கு நிலாவின் கணவருக்குச் சட்டத்தின் கண்ணில் அது இல்லை. பிள்ளையை மருத்துவமனையில் சேர்த்தால் சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் தரும் அதிகாரம் அவருக்கு இல்லை. பள்ளிக்கூடத்திலும் கேள்வி வரும். மூன்று வருடமாகத் தோளில் தூக்கி வளர்த்த மனிதர் அவர். ஆகவே 185 இப்போது, எழுத்து நல்ல நாள் பார்த்துப் பிறகு. இரண்டாம் தடவை போவது ஒரு காலைப் பொழுதின் வேலை.

நிலா_ஈஸ்ட்ஹாம்

அக்கா, மிக்க நன்றி. பெற்றோர் பொறுப்பு பற்றி எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. கணவரிடம் வாசித்துக் காட்டினேன், நாளைக்கே போகலாம் என்கிறார்.

இன்னும் இரண்டு கேள்விகள். மகள் பிறந்தபோது எனக்கு நிரந்தர வதிவிட உரிமை இருந்தது. கணவர் அப்போது வேலை விசாவில் இருந்தார். பெயர் சேர்ப்பதால் மகளின் குடியுரிமைக்கு ஏதாவது சிக்கல் வருமா? அடுத்தது, தந்தை பெயர் இல்லாததால் அவளுக்கு என் குடும்பப் பெயரைப் போட்டார்கள். அது என் அப்பாவின் பெயர். எங்கள் வழக்கப்படி கணவரின் பெயர்தானே அவளுக்கு வரவேண்டும்? அதையும் மாற்றலாமா?

சட்டவாசகன்

குடியுரிமையில் சிக்கல் இல்லை. பிறக்கும்போது தாய்க்கு நிரந்தர வதிவிட உரிமை இருந்து, பிள்ளை இங்கே பிறந்தால் அது பிறப்பிலேயே பிரித்தானியப் பிரசை. உங்கள் வதிவிட உரிமைக்கான சான்றே போதும், தந்தையின் விசா அங்கே பேசப்படாது. இதுவே தலைகீழாக, தந்தைக்கு மட்டும் வதிவிட உரிமை இருந்திருந்தால் அவருடைய பெயர் அந்தச் சான்றிதழில் இருப்பது பெரிய விஷயமாகிவிடும். 2006 ஜூலை 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு, பெற்றோர் மணமாகாதவர்களாக இருந்தாலும் தந்தைவழிக் குடியுரிமை உண்டு, ஆனால் தந்தை யார் என்பதை நிரூபிக்க வேண்டும். வாசிக்கும் மற்றவர்கள் இதைக் கவனியுங்கள்.

கடவுச்சீட்டு விண்ணப்பத்தை மறுபதிவு முடியும் வரை அனுப்பாதீர்கள். பெயர் மாறினால் அதை மறுபடியும் எடுக்க நேரும். விண்ணப்பத்துக்கு முழுச் சான்றிதழ் வேண்டும். பெற்றோர் விவரம் இல்லாத சிறிய சான்றிதழை வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

பதிவுமேசை

குடும்பப் பெயரை அந்த மறுபதிவிலேயே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இங்கேதான் எங்கள் சனங்கள் தடுமாறுகிறார்கள், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் கணவரின் கடவுச்சீட்டை எடுத்துப் பாருங்கள். குடும்பப் பெயர் என்ற இடத்தில் அவருடைய அப்பாவின் பெயர் இருக்கும், அவருடைய சொந்தப் பெயர் மற்றப் பெயர்கள் என்ற வரியில் இருக்கும். அலுவலர் தந்தையின் குடும்பப் பெயரைப் பார்த்து அதையே பிள்ளைக்கும் போடலாமா என்று கேட்பார். தலையாட்டினால் உங்கள் மகளுக்கு அவளுடைய அப்பப்பாவின் பெயர் வந்துவிடும். இப்போது அம்மப்பாவின் பெயர், இனி அப்பப்பாவின் பெயர், நடுவில் பெற்ற தகப்பனின் பெயரைக் காணோம் என்றாகும். இங்கே பிள்ளையின் குடும்பப் பெயர் தந்தையின் குடும்பப் பெயரோடு ஒத்திருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. கணவரின் சொந்தப் பெயரையே மகளின் குடும்பப் பெயராக எழுதும்படி தெளிவாகக் கேளுங்கள். ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுபோனால் இன்னும் நல்லது. விமான நிலையத்தில் தகப்பனுக்கும் மகளுக்கும் ஒரே குடும்பப் பெயர் இருக்க வேண்டும் என்று விரும்பினால் அதுவும் உங்கள் தெரிவு. முதலில் வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டு அங்கே போங்கள், மேசைக்கு முன்னால் இருந்து விவாதிக்க வேண்டாம்.

பிள்ளை பிறந்த பகுதியின் பதிவாளர் அலுவலகத்தை அழைத்து, தந்தையின் விவரம் சேர்க்க மறுபதிவு வேண்டும் என்று சொல்லி நேரம் கேளுங்கள். இப்போதைய முழுச் சான்றிதழ், இருவரின் கடவுச்சீட்டு, முகவரிக்கு ஒரு கடிதம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். கையெழுத்திடும் முன் அலுவலர் விவரங்களைச் சரிபார்க்கக் காட்டுவார். அவசரப்படாதீர்கள். கணவர் பிறந்த ஊர், தொழில், பெயரின் ஒவ்வொரு ஆங்கில எழுத்து எல்லாவற்றையும் கடவுச்சீட்டோடு ஒப்பிட்டு வாசியுங்கள். பருத்தித்துறை என்று நாம் சொல்லும் ஊருக்குக் கடவுச்சீட்டில் வேறு பெயர் இருக்கும். கையெழுத்து விழுந்த பிறகு கண்ட பிழைக்குத் திருத்த விண்ணப்பம், அதற்குத் தனிக் கட்டணம், பல கிழமை காத்திருப்பு.

தனிமரம்_78

நடுவில் கேட்பதற்கு மன்னியுங்கள். என் பிள்ளையின் தந்தை அவன் பிறந்த வருடமே இறந்துவிட்டார். நாங்களும் கோயில் திருமணம்தான். அவனுடைய சான்றிதழிலும் அதே கோடு. எனக்கு வழி இருக்கிறதா?

பதிவுமேசை

இருக்கிறது அம்மா. மனதைத் தளர விடாதீர்கள்.

குடும்ப நீதிமன்றத்தில் சி63 என்ற படிவத்தில், இவர்தான் தந்தை என்று அறிவிக்கும் தீர்ப்பு கேட்க வேண்டும். 1986ஆம் ஆண்டின் குடும்பச் சட்டத்தில் 55ஏ பிரிவு அதற்கானது. தீர்ப்பு கிடைத்தால் நீதிமன்றமே தலைமைப் பதிவாளருக்கு அறிவிக்கும், பிறப்பை மறுபதிவு செய்யலாம். அவருடைய பெற்றோரோ சகோதரர்களோ ஒத்துழைத்தால் மரபணுச் சான்று பெறலாம். ஆனால் நீதிமன்றம் ஏற்கும் ஆய்வுகூடத்தில்தான் செய்ய வேண்டும், கடையில் விற்கும் பெட்டிகளை வாங்காதீர்கள். சேர்ந்து வாழ்ந்த வீட்டு ஒப்பந்தம், மருத்துவமனைக் கடிதங்கள், அவர் பிள்ளையைப் பற்றி எழுதிய செய்திகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். கோயில் படங்களும் சாட்சிக்கு உதவும். இது ஒரு சொலிசிட்டர் (வழக்கறிஞர்) பார்க்க வேண்டிய வேலை. கட்டணம் கட்ட வழியில்லை என்றால் நீதிமன்றக் கட்டண விலக்குக்கும் விண்ணப்பிக்கலாம்.

வடமராட்சியான்

அக்கா சொன்ன காரணங்களை வாசித்த பிறகு நானும் அவர் பக்கம்தான். நிலா தங்கச்சி, 185ஐயே முதலில் போடுங்கள்.

ஒரு சந்தேகம். கோயில் திருமணம் செல்லாது என்று சொல்கிறீர்களே, என் தங்கை ஊரில் கோயிலில் கட்டி, அங்கேயே எழுத்தும் எழுதிவிட்டுத்தான் இங்கே வந்தாள். பிள்ளையின் பிறப்பைப் பதிய அவளும் கணவரோடு சேர்ந்து போகத்தான் வேண்டுமா?

சட்டவாசகன்

இல்லை. திருமணம் நடந்த நாட்டின் சட்டப்படி அது செல்லுபடியாகும் என்றால் இங்கேயும் ஏற்கப்படும். அப்படி மணமான பெற்றோரில் ஒருவர் மட்டும் போனாலே இருவர் பெயரையும் பதியலாம். சிக்கல் இங்கே, பதிவு அதிகாரம் இல்லாமல் நடத்தப்பட்ட சடங்குகளுக்குத்தான். திருமணம் நடத்தப் பதிவு செய்யப்பட்ட கோயில்களும் இங்கே இருக்கின்றன, அங்கே உரிய அதிகாரி முன்னிலையில் முன்னறிவித்தலோடு நடந்தால் அதுவே எழுத்து. அந்த அதிகாரமும் முன்னறிவித்தலும் இல்லாமல் நடந்த மதச் சடங்கு சட்டப்படியான திருமணமே ஆகாது என்பதை 2020 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. அது ஒரு முஸ்லிம் தம்பதியின் வழக்கு, ஆனால் அதே கணக்கு எங்களுக்கும் பொருந்தும்.

ஸ்கொட்லாந்தில் இருப்பவர்கள் இந்தப் படிவங்களைப் பயன்படுத்த வேண்டாம். அங்கே பதிவுமுறையே வேறு, பிறப்பைப் பதியும் கெடுவும் 21 நாள்தான்.

பிரசவகாலம்

எனக்கு அடுத்த மாதம் பிரசவம். கணவர் கப்பலில் வேலை. நாங்களும் எழுத்து எழுதவில்லை. இப்போதே ஏதாவது செய்துவைக்கலாமா?

பதிவுமேசை

செய்யலாம். அவர் வர முடியாவிட்டால், தானே தந்தை என்று சத்தியம் செய்து உறுதிமொழிப் படிவம் ஒன்றில் கையெழுத்திட்டு அனுப்பலாம். சொலிசிட்டர் முன்னிலையில், வெளிநாட்டில் என்றால் நொத்தாரிசு (நோட்டரி) முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். அந்த மூலப்பிரதியோடு நீங்கள் தனியாகப் போனாலும் அவர் பெயரைப் பதிவார்கள். வெறும் கடிதமோ வாட்ஸ்அப் அழைப்போ ஏற்கப்படாது. படிவத்தை இப்போதே உங்கள் பதிவாளர் அலுவலகத்தில் வாங்கி அவருக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த துறைமுகம் எது என்று கேட்டு, அங்கே நொத்தாரிசைப் பார்க்கும் ஏற்பாட்டையும் செய்யச் சொல்லுங்கள்.

நிலா_ஈஸ்ட்ஹாம்

அலுவலகத்தை அழைத்தேன். அடுத்த வியாழக்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறார்கள். மகளை அழைத்துவரத் தேவையில்லை என்றார்கள், ஆனால் கணவர் அவளையும் கூட்டிக்கொண்டுதான் போவேன் என்கிறார். குடும்பப் பெயர் பற்றி அக்கா சொன்னதை மாமாவிடம் தொலைபேசியில் கேட்டோம். பிள்ளைக்குத் தகப்பன் பெயரே இருக்கட்டும் என்றார்.