காளியண்ணன் வகையறா (குடும்பக் குழு)

14/07/2024, ஞாயிறு

ரமேஷ் 9:12
கதிரண்ணனை டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க. பிரஸ் மிஷின்ல சிக்கி வலது கையில ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயிருச்சு, ஒட்ட வைக்க முடியலயாம். பில்லை ஓனர் கட்டிட்டாரு. அது போக 50 ஆயிரம் தர்றேன், பத்திரத்துல கையெழுத்துப் போடுங்கங்கறாரு. நாளைக்குக் காலைல வர்றாராம். என்ன பண்றதுங்க பெரியப்பா?

செல்வி அத்தை 9:13
அய்யோ சாமி 😭

மணி மாமா 9:15
வாங்கிக்கச் சொல்லு. நல்ல மனுசன் அவரு. வேற எவன் பில்லு கட்டுவான்?

பிரியா 9:15
உங்க பங்காளிதானுங்க மாமா அவரு 🙂

மணி மாமா 9:16
அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்

சண்முகம் பெரியப்பா 9:34
யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். அந்த ஷெட்டுல மொத்தமே ஏழு பேரு, ஈஎஸ்ஐ காப்பீடு கிடையாது. அப்ப 1923 வருசத்து இழப்பீட்டுச் சட்டம்தான். கணக்கைச் சொல்றேன், எழுதிக்குங்க. கதிருக்குச் சம்பளம் 18 ஆயிரம். ஆனா 15 ஆயிரத்துக்கு மேல கணக்குல வராது. 2020 ஜனவரிக்கு முன்னால அதுவும் வெறும் 8 ஆயிரம்தான். 15-ல 60 சதவீதம் 9,000. அதை வயசுக்குன்னு ஒரு எண் இருக்கு, அதால பெருக்கணும். வயசு ஏற ஏற அந்த எண் குறையும். 40-க்கு 184.17. பெருக்குனா 16,57,530. இது எந்த வேலையுமே செய்ய முடியாம முழுசா முடங்கிப்போனவங்களுக்கு. ஒரு கையில ரெண்டு விரல் போனா 20 சதவீதம்னு சட்டத்து அட்டவணையிலயே இருக்கு. ஆக 3,31,506.

ரமேஷ் 9:36
மூணே கால் லட்சத்துக்கு மேலயா!!

பிரியா 9:37
மாமா சொன்னது 50

செல்வி அத்தை 9:40
கதிருக்கு 39 தான். பள்ளிக்கூடத்துல சேர்க்கறப்ப அப்பிச்சி ஒரு வயசு கூட்டிப் போட்டுட்டாரு

சண்முகம் பெரியப்பா 9:43
39-ன்னா 186.90. 4,914 ரூபாய் கூட வரும். ஆனா ஆதார்ல 40 தானே இருக்கு.

பிரியா 9:43
அப்பிச்சி வச்ச செலவு 😂

செல்வி அத்தை 9:44
அப்பிச்சி நிலத்துல பண்ணுன கணக்கை விடவா

மணி மாமா 9:45
காலங்காத்தால நிலத்தை எடுக்காதீங்க. கதிரே சென்சாரைக் கழட்டிட்டு பிரஸ்ஸை ஓட்டியிருக்கான். கேஸ் நிக்காது.

சண்முகம் பெரியப்பா 9:52
வேணும்னே பாதுகாப்பைக் கழட்டுனான்னு ஓனர் நிரூபிச்சா சிக்கல்தான், மறைக்க மாட்டேன். கழட்டுனது யாருங்கறதுதான் கேள்வி. அப்புறம் ரமேசு, ஆஸ்பத்திரி செலவு தனி, அதை இழப்பீட்டுல கழிக்கக் கூடாது. பேசி முடிச்சாலும் லேபர் கமிஷனர் ஆபீஸ்ல பதியணும். "இனி எதுவும் கேக்க மாட்டேன்"னு எழுதிக் குடுத்தாலும் சட்டப்படி செல்லாது. ஒரு மாசத்துல குடுக்கலைன்னா வருசத்துக்கு 12 சதவீதம் வட்டி, காரணமில்லாம இழுத்தா தொகையில பாதி வரைக்கும் அபராதம். மனுப் போட ரெண்டு வருசம் டைம் இருக்கு.

செல்வி அத்தை 9:55
ஆடிக் கெடா வெட்டுக்கு இன்னும் நாலு வீட்டுக் காசு வரலை

பிரியா 9:55
அத்தை 🙏

கதிர் 10:08
சுதா டைப் பண்றேனுங்க. இவரு சொல்லச் சொல்ல போடறேன். சென்சார் பொங்கலுக்கு முந்தியே போயிருச்சு. இவரே ரெண்டு தடவை ஓனர்கிட்டச் சொல்லியிருக்காரு. அது இருந்தா ஒரு நாளைக்கு இத்தனை பீஸ் வராதுன்னு அப்படியே விட்டுட்டாங்க.

ரமேஷ் 10:09
யார் யாருக்குத் தெரியும் அண்ணி?

கதிர் 10:11
கூட இருக்கற ஒடிசாப் பையன் பாத்தான். ஆனா சாட்சி சொல்லுவானான்னு தெரியலீங்க

சண்முகம் பெரியப்பா 10:14
அவன் நம்பரை வாங்கி வை. சம்பளம் பேங்க்ல வருதா, கையிலயா?

கதிர் 10:15
பாதி பாதிங்க

சண்முகம் பெரியப்பா 10:16
அங்கதான் இடிக்கும். பேங்க்ல வர்றது மட்டும்தான் சம்பளம்னு சாதிப்பாங்க. வேற என்ன எழுத்துல இருக்குன்னு தேடு.

மணி மாமா 10:20
நான் அவருகிட்ட ஒன்னரை லட்சத்துக்குப் பேசிப் பாக்கறேன். கோர்ட்டு கச்சேரின்னா வேலையும் போயிரும்.

பிரியா 10:20
ஒன்னரைக்கு ஏனுங்க மாமா?

சண்முகம் பெரியப்பா 10:21
மணி, நீ பேசாம இருந்தாலே போதும்

ரமேஷ் 10:24
நாளைக்கு வர வேண்டாம், புதன்கிழமை வாங்கன்னு சொல்லட்டுமா?

செல்வி அத்தை 10:25
புதன் எனக்கு ஆகாது. டாக்டர்கிட்டப் போகணும்

சண்முகம் பெரியப்பா 10:27
உன்னை யாரு கூப்பிட்டா 😄 ரமேசு, அந்தப் பத்திரத்தை மட்டும் போட்டோ எடுத்துப் போடு முதல்ல.