‘இணைத்தல்’ என்பதற்கு ஆங்கிலத்தில் எந்த வினைச்சொல்?

கேள்வி:
வணக்கம். கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் ஆண்டறிக்கையை ஆங்கிலத்தில் பெயர்த்து வருகிறேன். பக்கத்து ஊரின் சிறிய சங்கம் இச்சங்கத்தோடு இணைந்தது, இரு சங்கங்களின் உறுப்பினர் பட்டியல்களும் இணைக்கப்பட்டன, பட்டையும் பருத்தியையும் இணைத்து நெய்த சேலைகள் நன்றாக விற்றன என்று மூன்று இடங்களில் ஒரே தமிழ்ச் சொல் வருகிறது. மூன்றுக்கும் ‘கம்பைன்’ என்றே எழுதியிருக்கிறேன். பிழையென்று தோன்றவில்லை, ஆயினும் நிறைவாகவும் இல்லை. ‘மெர்ஜ்’, ‘பிளெண்ட்’, ‘மிக்ஸ்’ ஆகியவற்றுள் எது எங்கே பொருந்தும்?

மறுமொழி 1:
இணைந்த பிறகு பழைய உருப்படிகள் தனித்தனியே எஞ்சுகின்றனவா என்று பாருங்கள். ‘கம்பைன்’ அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அதனால்தான் எங்கும் பொருந்துவதுபோல் தெரிகிறது. ‘மெர்ஜ்’ என்பதன் இலத்தீன் வேருக்கு மூழ்குதல் என்று பொருள். அந்தச் சாயல் இன்னும் அச்சொல்லில் இருக்கிறது. 2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடு இணைந்தபோது முன்னதன் பெயர் மறைந்தது, பின்னதன் பெயர் நிலைத்தது. உங்கள் சிறிய சங்கமும் அவ்வாறே பெரியதில் கரைந்திருந்தால் ‘மெர்ஜ்ட் இன்டு’ என்று எழுதுங்கள். ‘மெர்ஜ்ட் வித்’ என்றால் எது எதில் கரைந்தது என்பது அத்தனை தெளிவாக விளங்காது. சட்ட ஆவணங்களில் ‘அமால்கமேஷன்’ என்ற சொல்லே பெரிதும் வரும். பதிவாளரின் ஆணையில் அது இருந்தால் மாற்றாமல் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியல்களுக்கு இரண்டு சொற்களும் பொருந்தும். இரட்டிப்பாக வந்த பெயர்களை நீக்கி ஒரே பட்டியலாக்கியிருந்தால் நான் ‘மெர்ஜ்’ என்பேன். ‘கம்பைன்’ எழுதும்போது பின்னால் ‘டுகெதர்’ சேர்க்க வேண்டாம். சேர்தல் என்னும் பொருள் வினையிலேயே அடங்கியிருக்கிறது.

மறுமொழி 2:
சேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் இங்கேதான் மொழிபெயர்ப்பாளர்கள் மிகுதியாகத் தவறுகிறார்கள். துணித் தொழிலில் ‘பிளெண்ட்’ என்பது நூற்பதற்கு முன்பே இருவகை இழைகளைக் கலந்து ஒரே நூலாக்குவதைக் குறிக்கும். பாலியஸ்டரும் பஞ்சும் கலந்த சட்டைத்துணி அத்தகையது. அந்த நூலிலிருந்து ஒன்றை மட்டும் உருவியெடுக்க முடியாது. பாவு (நீளவாக்கில் ஓடும் நூல்) பட்டாகவும் ஊடை (குறுக்கே ஓடும் நூல்) பருத்தியாகவும் நெய்த சேலையில் இரண்டு நூல்களும் கடைசிவரை தனித்தனியே இருக்கின்றன. ஆங்கிலத்தில் அதற்கு ‘யூனியன்’ துணி என்றே தனிப்பெயர் உண்டு. அதைப் ‘பிளெண்ட்’ என்று எழுதினால் வாங்குபவர் வேறொரு துணியை எதிர்பார்ப்பார். தறியில் அமர்ந்து இரண்டையும் பிரித்தறிந்து நெய்தவரின் உழைப்பும் அந்தச் சொல்லில் காணாமற்போகும்.

மறுமொழி 3:
முதல் மறுமொழியோடு பெரிதும் உடன்படுகிறேன். ஆனால் ‘கம்பைன்’ எப்போதும் பொதுச்சொல் அன்று. பள்ளி ஆய்வகத்தில் இரும்புத்தூளையும் கந்தகத்தையும் எந்த அளவிலும் கலக்கலாம்; காந்தத்தைக் காட்டினால் இரும்பு தனியே வந்துவிடும். அது ‘மிக்ஸ்’. சூடாக்கினால் ஏறத்தாழ 7 கிராம் இரும்புக்கு 4 கிராம் கந்தகம் என்ற விகிதத்தில் அவை சேர்ந்து இரும்பு சல்பைடு ஆகின்றன. பிறகு காந்தத்தால் பிரிக்க இயலாது. வேதியியலில் இந்தச் சேர்க்கைக்குத்தான் ‘கம்பைன்’ என்று பெயர். ஆகவே எந்தத் துறையினர் படிக்கப்போகிறார்கள் என்பதையும் கருத வேண்டும்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. பாவு பட்டு, ஊடை பருத்தி என்று சங்கத்தில் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். அதனால் அங்கே வினையையே மாற்றி, பட்டுப்பாவில் பருத்தி ஊடை கொண்டு ‘நெய்யப்பட்ட’ சேலை என்று ஆங்கிலத்தில் விரித்தெழுதிவிட்டேன்.