2:09:56 இன்னும் உலக சாதனைதானா? பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?

மைதானத்து ரீச்சர் (நல்லூர்)

வணக்கம். நான் பாடசாலைப் பெண் பிள்ளைகளுக்கு 1500, 3000 மீற்றர் பழக்குகிறேன். போன கிழமை பயிற்சி முடிந்து எல்லாரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க, ஒரு பிள்ளை கேட்டாள்: "ரூத் செப்ங்கெட்டிச்சுக்கு ஊக்கமருந்துக்காக மூன்று வருசம் தடை போட்டாச்சுதானே ரீச்சர், பிறகு ஏன் அவவின்ரை சிக்காகோ சாதனை இன்னும் இருக்கு?" என்னிடம் பதில் இல்லை. பிறகு சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

எனக்கு இது சும்மா ஒரு செய்தி இல்லை. 2024 ஒக்ரோபரில், கென்யாவின் ரூத் 2:09:56இல் ஓடிப் பெண்கள் உலக சாதனை வைத்த அந்தச் சிக்காகோ மரதன் எங்களுக்குப் பின்னேரம் ஆறு மணிக்குத் தொடங்கியது, இரண்டு பிள்ளைகளோடு வீட்டில் இருந்து பார்த்தேன். பாதித் தூரம் 1:04:16 என்று திரையில் வந்தபோது கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். அடுத்த நாள் கரும்பலகையில் ஒரு கிலோமீற்றருக்கு 3 நிமிடம் 5 செக்கன் என்று பிரித்துக் காட்டி, இந்த வேகத்தில் நீங்கள் 1500கூட ஓடியதில்லை, ஒரு பெண் 42 கிலோமீற்றர் ஓடியிருக்கிறா என்று சொன்னவளும் நான்தான். இப்போது அதே பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது?

இருபத்தைந்து சுற்று (பருத்தித்துறை)

அந்தச் சாதனையை நீக்க வேண்டும் ரீச்சர், இதில் வேறு கதையே இல்லை. போலா ராட்கிளிஃப் 2003இல் ஓடிய 2:15:25 பதினாறு வருசம் உலக சாதனையாக அசையாமல் நின்றது. பிறகு 2019இல் 2:14:04, 2023இல் 2:11:53, 2024இல் 2:09:56. ஐந்து வருசத்துக்குள் ஐந்தரை நிமிடம் போய்விட்டது. புதுச் சப்பாத்து உதவியது, முன்னுக்கு ஓடிக் காற்றை மறைத்த ஆண்கள் உதவினார்கள், சரி. ஆனால் ஐந்தரை நிமிடத்தையும் சப்பாத்தின் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. ரியோ ஒலிம்பிக் மரதனை வென்ற ஜெமிமா சும்கொங் அடுத்த வருசமே ஈபிஓ என்ற, இரத்தத்தில் சிவப்பணுவைக் கூட்டும் ஊக்கமருந்தில் பிடிபட்டார். அதற்கு முன் பொஸ்ரன், சிக்காகோ இரண்டையும் வென்ற ரீட்டா ஜெப்டூவும் அப்படித்தான். இன்னும் எத்தனை தரம் நாங்கள் கதிரையை விட்டு எழும்பிவிட்டுப் பிறகு வெட்கப்படுவது? பிள்ளையிடம் நேராகச் சொல்லுங்கள், அது பொய் நேரம் என்று.

மருந்தாளர் (சுன்னாகம்)

தம்பி, கோபம் விளங்குது. ஆனால் "பொய் நேரம்" என்று பிள்ளைக்குச் சொல்ல எங்கள் கையில் ஆதாரம் வேண்டும்.

ரூத்திடம் கண்டது ஹைட்ரோகுளோரோதயசைட். எங்கள் வீடுகளில் அம்மம்மாமார் காலமையில் போடும் பிரஷர் குளிசைகளில் இருக்கிற சாமான்தான். அது வேகம் தராது, சிறுநீரைக் கூட்டும். கூட்டினால் சிறுநீர் ஐதாகி, வேறு மருந்து இருந்தாலும் கண்டுபிடிப்பது கடினமாகும். அதனால்தான் போட்டி நாளில் மட்டுமில்லாமல் எந்த நாளிலும் அது தடை. மற்றக் குளிசைகளோடு தற்செயலாகத் துளி கலந்து வரக்கூடும் என்பதால் ஒரு மில்லிலீற்றருக்கு 20 நனோகிராமுக்குக் குறைவாக இருந்தால் ஆய்வுகூடம் அறிவிக்காது. அவவின் சிறுநீர் மாதிரியில் இருந்தது 3800. முதலில் காரணம் தெரியாது என்றா, பிறகு வீட்டு வேலைக்காரியின் குளிசையைப் போட்டேன் என்றா. அதை விசாரித்தவர்கள் நம்பவில்லை. நான்கு வருசத் தடை, ஒப்புக்கொண்டதால் ஒரு வருசம் குறைந்தது.

இப்போது பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். அந்த மாதிரி எடுத்தது 2025 மார்ச் 14. அன்றைக்குப் பிறகு ஓடியவை எல்லாம் அழிந்தன, அதற்கு ஐந்து மாதம் முந்திய சிக்காகோ நின்றது. விதி அப்படித்தான். கென்யாவின் அஸ்பெல் கிப்ரொப்பைப் பாருங்கள். 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் 1500இல் இரண்டாவதாக வந்தவர். சேர்த்து வைத்த மாதிரியைத் திரும்பப் பரிசோதித்ததில் முதலாவதாக வந்த ரஷீத் ரம்சி பிடிபட, தங்கம் இவருக்கு வந்தது. பிறகு 2017இல் எடுத்த மாதிரியில் இவரே ஈபிஓவோடு பிடிபட்டார். அந்தத் தங்கம் இன்னும் இவர் பேரில்தான். எனக்கும் அது கசப்புத்தான். ஆனால் மாதிரிகளைப் பத்து வருசம் வரை வைத்துத் திரும்பச் சோதிக்கலாம், ரம்சியைப் பிடித்ததும் அப்படித்தான்.

இதோடு இன்னொன்று. கடைக்கு ஒரு தகப்பன் வந்து, மகனுக்கு மாகாணப் போட்டி, களைக்காமல் ஓட ஏதும் இருக்கா என்று கேட்டார். பிள்ளைக்குப் பதினைந்து வயது. இல்லை என்று அனுப்பினேன், ஆனால் அன்றிரவு நித்திரை வரவில்லை. சிக்காகோவை விட எனக்கு அந்தப் பிள்ளையை நினைத்துத்தான் பயம்.

பண்ணைக் காற்று

ரீச்சர், நேரத்தைக் கரும்பலகையில் எழுதிப் பழக்கினால் பிள்ளை நேரத்தைத்தான் கும்பிடும். குறையாக எடுக்காதீர்கள், நானும் அப்படி வளர்ந்தவன்தான். ஓட்டப் போட்டி என்பது ஆளுக்கு ஆள்.

ரோக்கியோ 2025 உலக சம்பியன்ஷிப்பில் ஆண்கள் பத்தாயிரம் மீற்றரைப் பார்த்துவிட்டு இங்கே பலர் "நடைப்போட்டி" என்று திட்டினார்கள். 28:55.77இல் ஜிம்மி கிரெசியே வென்றார், உலக சாதனை 26:11, வித்தியாசம் இரண்டே முக்கால் நிமிடம். ஆனால் ஏன் அப்படிப் போனது என்று யோசியுங்கள். புழுக்கம், வேகம் பிடித்துக் கொடுக்க ஆள் இல்லை, முன்னுக்குப் போகிறவன் மற்றவனுக்காக உழைக்கிறான். பண்ணைப் பாலத்தில் சோளகம் அடிக்கிற நேரம் நாலு பேரோடு முன்னுக்கு ஓடிப் பாருங்கள், பின்னால் வருகிறவன் எவ்வளவு சுகமாக வருகிறான் என்று திரும்பிப் பார்க்கும்போது விளங்கும். கடைசியில் இரண்டாவதாக வந்த கெஜெல்ச்சாவுக்கும் கிரெசியேக்கும் இடையில் 0.06 செக்கன். பத்துக் கிலோமீற்றர் ஓடி, அதுதான் மிச்சம்!

2024 பாரிஸ் ஒலிம்பிக் பத்தாயிரத்தில் எதியோப்பியர் மூன்று பேரும் இதற்கு மறுபக்கம் போனார்கள். மாறி மாறி முன்னுக்கு ஓடி மற்றவர்களின் கடைசிச் சுற்றைக் கொல்லப் பார்த்தார்கள். பதின்மூன்று பேர் பழைய ஒலிம்பிக் சாதனையை உடைத்தும் தங்கம் உகண்டாவின் செப்தெகெய்க்குப் போனது. அதே பாரிஸில் 1500, எங்களுக்கு நள்ளிரவு தாண்டி. நோர்வேயின் இங்கெப்ரிக்ட்சன் முதல் 400ஐ 55 செக்கனுக்குள் இழுத்தார், தனது ஒலிம்பிக் சாதனையை விட வேகமாக 3:28.24 ஓடினார், வந்தது நாலாவதாக. பிரித்தானியாவின் கெர்ரும் அவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்க, உள்பக்கத்தால் அமெரிக்காவின் ஹொக்கர் போய் வென்றுவிட்டார். இதைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

இருபத்தைந்து சுற்று (பருத்தித்துறை)

அண்ணை, ஓட்டம் வடிவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மருந்து கடைசிச் சுற்றுக்கும் உதவும். அதே 1500இல் உலக சம்பியனாக மூன்று தரம் வந்தவர்தான் நீங்கள் மேலே வாசித்த கிப்ரொப். மெதுவான ஓட்டம் என்றால் சுத்தமான ஓட்டம் என்று யாரும் நினைக்கக்கூடாது. எனக்கு நம்பிக்கை தந்தது கென்யாவின் மரதன் ஓட்டக்காரர் சபஸ்டியன் சாவே. 2025 பெர்லின் மரதனுக்கு முன் இரண்டு மாதத்தில் 25 தரம் சோதனைக்கு நின்றார், தானாகக் கேட்டு. அந்தக் காசை அவருடைய சப்பாத்துக் கொம்பனிதான் கொடுத்தது, அதனால் சிலருக்கு நம்பிக்கை வராது. எனக்கு வருது.

மைதானத்து ரீச்சர் (நல்லூர்)

எல்லாருக்கும் நன்றி. இன்றைக்கு அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு மார்ச் 14, ஒக்ரோபர் இரண்டு திகதியையும் மணலில் எழுதிக் காட்டினேன். பொய் நேரம் என்றும் சொல்லவில்லை, உண்மை என்றும் சொல்லவில்லை. எனக்கு நம்பிக்கை போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அண்டைக்கு ரெண்டாவதா வந்தவ பாவம்தானே" என்றாள். அவவின் பெயர் சுதுமே அசெபா கெபெடே, 2:17:32. ஏழரை நிமிடம் பிந்தி வந்தவ. நான் அவவைப் பற்றி ஒரு நாளும் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை.

மருந்தாளர் ஐயா, ஒரு சனிக்கிழமை மைதானத்துக்கு வந்து பெற்றோருக்கு அந்தக் குளிசைக் கதையைச் சொல்லுவீர்களா? காலமை ஆறரைக்கு எல்லாரும் இருப்பார்கள்.