போரை எப்படி நிறுத்துவோம் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை, என் வாக்கை என்ன செய்வது?

காரைக்குடி ஆச்சி
அக்டோபர் 2024

எல்லோருக்கும் வணக்கம். நான் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவள். நெடுங்காலம் மிச்சிகனில் இருந்துவிட்டு, ஆத்தாவுக்கு உடம்பு முடியாததால் இப்போது காரைக்குடியில் இருக்கிறேன். வெளிநாட்டில் இருந்தாலும் கடைசியாகக் குடியிருந்த மாநிலத்தில் வாக்களிக்கலாம் என்பதால் வாக்குச்சீட்டு மின்னஞ்சலில் வந்துவிட்டது, அச்செடுத்தும் வைத்துவிட்டேன். நவம்பர் 5 அதிபர் தேர்தல், டிரம்ப்பும் இப்போதைய அதிபர் பைடனின் துணை அதிபர் ஹாரிஸும் நிற்கிறார்கள், இங்கிருந்து தபால் போய்ச் சேர வேண்டும், அதனால் இந்த வாரத்துக்குள் முடிவெடுத்தாக வேண்டும். பேனாவை எடுத்தால் கை ஓடவில்லை.

எனக்கு இந்தத் தேர்தலில் போர்தான் முதல் விஷயம், வரி, விலைவாசி எல்லாம் அப்புறம். காஸாவில் ஓராண்டாக நடப்பதையும் உக்ரைனில் மூன்றாவது ஆண்டாக நடப்பதையும் நிறுத்தப் போவது யார் என்று தெரிந்தால் கண்ணை மூடிக்கொண்டு அவருக்குப் போட்டுவிடுவேன். செப்டம்பர் 10 அன்று ஃபிலடெல்ஃபியாவில் நடந்த விவாதத்தை ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். உக்ரைன் ஜெயிக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களா என்று டிரம்ப்பிடம் நேராகவே கேட்டார்கள். போர் நிற்க வேண்டும் என்றார், ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பதவியேற்பதற்கு முன்பே முடித்துவிடுவாராம், எப்படி என்பதற்குப் பதில் கிடையாது. காஸாவில் இருக்கும் முட்டுக்கட்டையை எப்படி நீக்குவீர்கள் என்று ஹாரிஸிடம் கேட்டார்கள். போர் உடனே முடிய வேண்டும், பிணைக்கைதிகள் வீடு திரும்ப வேண்டும், இரு நாடுகளாகத் தீர்வு வேண்டும் என்றார். இதையேதானே பைடனும் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறார்? இந்த மாதம் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், பைடன் செய்ததில் எதை நீங்கள் வேறு மாதிரி செய்திருப்பீர்கள் என்று கேட்டதற்கு, எதுவும் தோன்றவில்லை என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் எனக்கு மனசு விட்டுப்போனது. இஸ்ரேலுக்கு ஆயுதத் தடையை அவர் ஆதரிக்கவில்லை என்று அவருடைய ஆலோசகரே ஆகஸ்டில் சொல்லிவிட்டார்.

பிப்ரவரியில் மிச்சிகனில் நடந்த ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் பைடனுக்குப் போடாமல், 'யாருக்கும் இல்லை' என்ற கட்டத்தை ஒரு லட்சம் பேருக்கு மேல் நிரப்பினார்கள். அவர்கள் கேட்டது போர்நிறுத்தம் மட்டும்தான். அவர்கள் ஹாரிஸுடைய கட்சி ஆட்கள், எதிரிகள் இல்லை. ஆகஸ்டில் கட்சியின் சிகாகோ மாநாட்டில் பாலஸ்தீன வம்சாவளி அமெரிக்கர் ஒருவருக்குச் சில நிமிடம் மேடை கொடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை.

சரி, நான் என்ன செய்வது? பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டெயினுக்குப் போடுவதா? அதிபர் கட்டத்தைக் காலியாக விட்டு மற்றதை மட்டும் நிரப்புவதா? இல்லை, வாயை மூடிக்கொண்டு இருவரில் ஒருவருக்குப் போடுவதா? 2016இல் மிச்சிகன் பதினோராயிரத்துக்கும் குறைவான வாக்கில் கைமாறிய மாநிலம், அதனால் ஒரு வாக்குதானே என்று என்னால் விட முடியவில்லை.

செக்காலை வாசி

ஆச்சி, உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் இது இந்த இரண்டு பேரோடு வந்ததில்லை. வேட்பாளர் எவரும் தேதி சொல்லித் தன் கையைக் கட்டிக்கொள்ள மாட்டார். 2006 நவம்பரில் இராக் போர் வேண்டாம் என்றுதான் மக்கள் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸையே மாற்றிப் போட்டார்கள். இரண்டே மாதத்தில், 2007 ஜனவரியில், புஷ் இன்னும் இருபதாயிரம் துருப்புகளுக்கு மேல் அனுப்பினார். சரி, அடுத்து வரப்போகிறவர்களாவது சொல்வார்கள் என்று பார்த்தால், அந்த செப்டம்பரில் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு விவாதம் நடந்தது. 2013 ஜனவரிக்குள், அதாவது உங்கள் முதல் பதவிக்காலம் முடிவதற்குள், எல்லாப் படையும் திரும்பிவிடும் என்று உறுதி தருவீர்களா என்று கேட்டார்கள். ஒபாமா, ஹிலாரி, எட்வர்ட்ஸ் என்று முன்னணியில் இருந்த மூவருமே மாட்டோம் என்றார்கள். உடனே வெளியேறுவோம் என்று சொன்ன குசினிச் மாதிரி ஆட்களுக்கு வாக்கு விழவில்லை.

அப்புறம் படை திரும்பியது எப்போது? 2011 டிசம்பர். அந்தத் தேதி 2008இல் புஷ்ஷே இராக் அரசோடு போட்ட ஒப்பந்தத்தில் இருந்தது, தேதி எழுதித்தான் ஆக வேண்டும் என்று பிடித்து நின்றது இராக் தரப்பு. அமெரிக்க மேடையில் யாரும் சொல்லாத தேதி அங்கே இருந்து வந்தது. 2014இல் மறுபடியும் படை போனது, அது வேறு கதை.

இன்னும் பழையதைப் பாருங்கள். 1952இல் ஐசன்ஹோவர் நான் கொரியாவுக்கே போகிறேன் என்றார், ஜெயித்ததும் போனார், 1953 ஜூலையில் சண்டை நின்றது. 1964இல் ஜான்சன் ஆசியாவில் நடக்கும் சண்டைக்கு அமெரிக்கப் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்றார், அடுத்த மார்ச்சிலேயே வியட்நாமின் தானாங்கில் அமெரிக்க மரைன் படையினர் இறங்கினார்கள். 1968இல் நிக்சன் கௌரவமான சமாதானம் என்றார், உடன்படிக்கை 1973இல்தான் வந்தது, அவர் வந்த பிறகு மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் செத்தார்கள், வியட்நாமியர்கள் அதைவிடப் பல மடங்கு. ஆக, பேச்சை வைத்து ஆளை எடைபோட்டால் ஏமாறத்தான் வேண்டும். அவர்களை அடுத்த பக்கத்திலிருந்து நெருக்கப்போவது யார், பணத்தைப் பிடித்து வைக்கப்போவது யார் என்று பாருங்கள்.

புதுவயல் மில்லுக்காரன்

அக்கா, காலியாக விடுங்கள். நான் இந்த விஷயத்தில் நடுநிலை பேச மாட்டேன். குழந்தைகள் சாகிறார்கள், அந்தக் குண்டை யார் கொடுத்தது என்று உலகத்துக்கே தெரியும், கொடுப்பதை நிறுத்துகிறேன் என்று சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. பிறகு எதற்கு உங்கள் கையெழுத்து? ஒருவர் மோசம், இன்னொருவர் அதைவிட மோசம் என்று பயமுறுத்தியே ஒவ்வொரு தடவையும் வாக்கை வாங்கிவிடுகிறார்கள். ஒரு தடவை இந்த ஒரு லட்சம் பேரும் எழுந்து போனால்தான் அடுத்த தடவையாவது கேட்பார்கள். உக்ரைன் விஷயத்திலும் அப்படித்தான். டிரம்ப்புடன் நிற்கும் வான்ஸ், இப்போது சண்டை நிற்கிற இடத்தையே கோடாக வைத்து இரண்டு பக்கமும் படை இல்லாத பகுதி என்கிறார், அங்கே வீட்டை விட்டு ஓடியவன் எங்கே போவான் என்று சொல்லவில்லை.

2022இல் கார்கிவில் மருத்துவம் படித்த பிள்ளைகள் எப்படிச் சுரங்க ரயில் நிலையத்தில் ஒளிந்திருந்து எல்லை தாண்டி வந்தார்கள் என்று நம் ஊர்ப் பக்கமும் எத்தனை வீட்டில் கதை கேட்டோம். சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியபோது நம் கடைத்தெருவில் எப்படி இருந்தது என்றும் தெரியும். நமக்கு வாக்கு இல்லை. உங்களுக்கு இருக்கிறது, அதை மலிவாகக் கொடுத்துவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

முகாம் பிள்ளை

ஆச்சி, நான் மானாமதுரைப் பக்கத்து இலங்கை அகதி முகாமில் வளர்ந்தவள், இப்போது காரைக்குடியில் வேலை பார்க்கிறேன். எனக்கு இலங்கையிலும் வாக்கு இல்லை, இங்கேயும் இல்லை. அதனால் இந்தக் கேள்வியை நான் சும்மா படித்துவிட்டுப் போக முடியவில்லை.

2005 நவம்பர் 17 அன்று இலங்கையில் அதிபர் தேர்தல். ஒரு பக்கம் ரணில், 2002 பிப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர். இன்னொரு பக்கம் மகிந்த, அந்த ஒப்பந்தத்தையே மாற்றி எழுத வேண்டும் என்று நின்ற கட்சிகளின் தோளில் ஏறி வந்தவர். எங்கள் ஆட்களுக்கு ரணில் மீதும் நம்பிக்கை இல்லை, அதற்குக் காரணமும் இருந்தது, பேச்சுவார்த்தை என்று இழுத்தார்களே தவிர ஊருக்குத் திரும்பிப் போன சனத்துக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு பேரும் ஒன்றுதான் என்று சொல்லி வடக்கில் புறக்கணிப்பு. அது எல்லோரும் தாமாக எடுத்த முடிவு இல்லை, புலிகள் போக வேண்டாம் என்றார்கள், போக நினைத்தவரும் போக முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கு ஒருவர்தான் வாக்களித்தார்கள். மகிந்த 50.29 சதவீதம், ரணில் 48.43. வித்தியாசம் இரண்டு லட்சம் வாக்குகூட இல்லை. அதற்குப் பிறகு நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. 2009 மே வரை என் சொந்தங்களில் எத்தனை பேர் போனார்கள் என்று அம்மா இன்றைக்கும் விரல் விட்டு எண்ணுகிறார்.

2010 ஜனவரியில் இன்னும் கொடுமை. போரை நடத்திய அதிபர் ஒரு பக்கம், அந்தப் படைக்குத் தளபதியாக இருந்த பொன்சேகா இன்னொரு பக்கம். எங்கள் சனம் என்ன செய்தது தெரியுமா? வடக்கில் வாக்களித்தவர்களில் பெரும்பாலானோர் பொன்சேகாவுக்கே போட்டார்கள். பிடித்துப் போடவில்லை. அவர் வந்தால் கொஞ்சம் மூச்சு விடலாமா, முட்கம்பிக்குள் இருக்கிறவர்களை விடுவார்களா என்ற ஒரே கணக்குதான்.

ரணில் வந்திருந்தால் போர் நின்றிருக்கும் என்று நான் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒன்று என்று சொல்லும்போது, யாருடைய தலையில் குண்டு விழும் என்ற கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். சிறிய வித்தியாசம் என்று தூரத்தில் இருக்கிறவருக்குத் தெரிவது அங்கே இருக்கிறவருக்குச் சிறியதாக இருக்காது.

புதுவயல் மில்லுக்காரன்

தங்கச்சி, நீங்கள் சொன்னதை மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். வடக்கில் போடவிடாமல் தடுத்தார்கள். இங்கே மிச்சிகனில் இருக்கிறவர்கள் எட்டு மாதமாக வாசலில் நின்று, எங்கள் வாக்கு வேண்டுமென்றால் இதைச் செய்யுங்கள் என்று கேட்டார்கள், கேட்டவரைத்தான் உள்ளே விடவில்லை. காஸாவில் சொந்தத்தைப் பறிகொடுத்த ஒருவரிடம் போய், அந்த ஆயுதத்தை அனுப்பிய அரசின் துணை அதிபருக்கே போடு என்று நீங்களும் நானும் எப்படிச் சொல்வது?

முகாம் பிள்ளை

அவரிடம் சொல்ல மாட்டேன் அண்ணா. அவருக்கு அந்த உரிமை உண்டு. ஆச்சிதான் கேட்டார், அதனால் ஆச்சியிடம் சொன்னேன்.

கண்டனூர் பெரியவர்

தங்கச்சி, எல்லோரும் அதிபர் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் சீட்டில் இன்னொரு கட்டம் இருக்கிறதே, செனட், அதாவது காங்கிரஸின் மேலவை. மிச்சிகனில் செனட்டர் ஸ்டாபெனாவ் ஓய்வு பெறுவதால் அந்த இடம் காலி, ஸ்லாட்கினும் ரோஜர்ஸும் நிற்கிறார்கள். போருக்குப் பணம் ஒதுக்குவது காங்கிரஸ், அதிபர் அல்ல. போன வருஷம் உக்ரைனுக்குப் பைடன் கேட்ட பணத்தைக் கீழவை அரை வருஷம் போல இழுத்தடித்தது, இந்த ஏப்ரலில்தான் உக்ரைன், இஸ்ரேல், தைவான் எல்லாம் சேர்த்து 95 பில்லியன் டாலர் சொச்சம் நிறைவேறியது. அந்த இழுபறியில் உக்ரைன் படைக்குக் குண்டு தட்டுப்பாடு வந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நல்லதோ கெட்டதோ, கயிறு அங்கேதான் இருக்கிறது. செப்டம்பரில் செனட்டர் சாண்டர்ஸ் இஸ்ரேலுக்கு விற்கும் சில ஆயுதங்களைத் தடுக்கத் தீர்மானங்கள் கொடுத்திருக்கிறார், அது செனட்டில் வாக்கெடுப்புக்கு வரும்போது கை தூக்கப்போகிறவர்கள் செனட்டர்கள்தான்.

இன்னொன்றும் யோசியுங்கள். 2002 அக்டோபரில் இராக் மீது போர் தொடுக்க அதிகாரம் கொடுக்கும் தீர்மானம் வந்தபோது செனட்டில் ஆம் என்று போட்டவர்கள் கெர்ரி, ஹிலாரி, பைடன். 2004, 2016, 2020 என்று ஜனநாயகக் கட்சி அதிபர் பதவிக்கு நிறுத்தியதும் இந்த மூவரைத்தான். ஒபாமா அப்போது செனட்டில் இல்லை, வெளியே நின்று எதிர்த்தார், 2008இல் அவர் ஹிலாரியை முந்தியதற்கு அது ஒரு பெரிய காரணம். இன்றைக்கு அந்தச் செனட் கட்டத்தை நீங்கள் எப்படி நிரப்புகிறீர்கள் என்பது பத்து வருஷம் கழித்து உங்கள் முன்னால் வந்து நிற்கும் அதிபர் வேட்பாளரைக்கூடத் தீர்மானிக்கலாம்.

என் அப்பச்சி பர்மாவில் கொண்டுவிற்கப் போனவர். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது, மார்ச்சில் ஜப்பான்காரன் ஊரைப் பிடித்தான், இருந்த நிலபுலனையும் பேரேட்டையும் விட்டுவிட்டு நடந்தே வந்தவர்கள் நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் உண்டு. லண்டனிலும் தோக்கியோவிலும் முடிவெடுத்தவர்களிடம் நம் ஆட்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்க முடியுமா? உங்களால் முடியும். அதனால் வாக்கோடு நிறுத்தாதீர்கள், செனட்டுக்கு நிற்கிற இரண்டு பேருடைய அலுவலகத்துக்கும் எழுதி, சாண்டர்ஸ் தீர்மானத்தில் எந்தப் பக்கம் என்று ஆம், இல்லை என்று பதில் கேளுங்கள்.

தபாலை இங்கிருந்து போட்டால் போய்ச் சேருமா என்று எனக்குப் பயமாக இருக்கிறது. சென்னையில் அண்ணா சாலையில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்திலும் உறையை வாங்கி அனுப்பிவைப்பார்கள், ஆனால் அதற்கும் நாள் பிடிக்கும். காசு பார்க்காமல் கூரியரில் போடுவது நல்லது.

காரைக்குடி ஆச்சி

எல்லோருக்கும் நன்றி. பெரியவர் சொன்ன மாதிரி இரண்டு அலுவலகத்துக்கும் நேற்று இரவே எழுதிவிட்டேன். ஒரு பக்கத்திலிருந்து தானாக வரும் நன்றிக் கடிதம் வந்திருக்கிறது, இன்னொரு பக்கம் அதுவும் இல்லை. செனட் கட்டத்தை இன்று மாலைக்குள் நிரப்பிவிடுவேன்.

அதிபர் கட்டத்தைக் காலியாக விடுவதில்லை என்பது வரை வந்துவிட்டேன். முகாம் தங்கச்சி எழுதியதைப் படித்த பிறகு அது எனக்கு முடியாது. ஆனால் யாருக்குப் போட்டாலும், நீங்கள் போரை நிறுத்துவீர்கள் என்று நம்பிப் போடவில்லை, ஆயுதத்தை நிறுத்தும் வரை கேட்டுக்கொண்டே இருப்பேன் என்று அவர்களுக்கும் ஒரு கடிதம் எழுதப்போகிறேன். புதுவயல் தம்பி கோபப்பட வேண்டாம், நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

காரைக்குடியில் அமெரிக்காவுக்கு நான்கைந்து நாளில் கொண்டுபோய்ச் சேர்க்கும் கூரியர் எது நம்பகமானது? கல்லூரிச் சாலையில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அண்மையில் அனுப்பியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நாளைக் காலையில் போட வேண்டும்.