மறுமொழி: ஆடி மாச விளையாட்டு விழாவும் அடுத்த வருசத்துக்குக் கேக்கிற காசும்

அன்பான ஊரவைக்கு,

தலைவர் அண்ணை அனுப்பின மெயில் கண்டனான். அடுத்த வருசமும் லண்டனில இருக்கிற எங்கட பல்கலைக்கழகப் பிள்ளையள் ஊருக்குப் போய் விளையாட்டு விழா நடத்த 2,000 பவுண்ஸ் வேணுமாம். தரமாட்டன் எண்டு சொல்ல இதை எழுதேல்லை. அம்மாவின்ர திவசத்துக்கு நான் ஊரில நிண்ட கிழமைதான் விழா நடந்தது. படங்களில வராததைச் சொல்லுறன்.

பள்ளிக்கூடத்தில இல்ல மெய்வல்லுநர் போட்டி மாசியிலேயே முடிஞ்சுது. மூண்டு இல்லமும் சோடிச்சு, அணிநடை நடந்து, அஞ்சலோட்டத்தில சண்டையும் பிடிச்சாச்சு. வெண்ட பிள்ளையள் கோட்டம், வலயம் எண்டு போய் வந்திட்டினம். லண்டனில லீவு ஆடியில வருதெண்டதுக்காக, அங்க தவணைச் சோதினைக்கு முதல் கிழமை, உச்சி வெயிலுக்கையும் சோழகக் காத்துக்கையும் திரும்ப ஒருக்கா ஓட விட்டிருக்கு. போட்ட சுண்ணாம்புக் கோடு பத்து மணிக்கே பறந்து போச்சுது.

வந்த ஏழு பிள்ளையளையும் பிழை சொல்லேலாது. தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வருது, ஆனால் சின்னனுகளோட புழுதிக்குள்ள இருந்து விளையாடுதுகள். இஞ்சினியரிங் படிக்கிற பெடியன் ஒருத்தன் 200 மீற்றருக்கு ஆறு பேரையும் ஒரே கோட்டில நிப்பாட்டினான். எங்கட கிறவுண்டில 200 எண்டால் முழுச் சுத்து, வெளிப்பக்கம் ஓடுற பிள்ளைக்குத் தூரம் கூட, அது என்ன பாவம் செய்தது? வேம்புக்குக் கீழ ஒதுங்கி நிண்ட விளையாட்டு சேர் அப்பதான் வாய் திறந்தார். நாடாவும் முளையும் எடுத்து வந்து, இரண்டாவது ஆள் 7 மீற்றர் 4 சென்ரிமீற்றர் முன்னுக்கு, அதுக்கு வெளியில ஒவ்வொருத்தருக்கும் இன்னும் 7 மீற்றர் 67 எண்டு அளந்து குத்தினார். பெடியன் போனில கணக்குப் போட்டுப் பாத்திட்டு வாயைப் பிளந்தான். பிறகு பொழுது படுமட்டும் அவற்ற பின்னாலதான் திரிஞ்சான். அண்டைக்கு நான் சந்தோசப்பட்ட இடம் அதுதான். அந்த மனிசனிட்டை ஒருதரும் முதலே ஒரு சொல்லுக் கேக்கேல்லை. நிகழ்ச்சி நிரலில பேரும் இல்லை.

தேசிக்காய் ஓட்டத்துக்கு அவிச்ச முட்டை. இங்கிலாந்தில அப்பிடித்தானாம். இரண்டாம் வகுப்புப் பெட்டை ஒண்டு பாதித் தூரத்தில நிண்டு, முட்டையை எடுத்துக் கவுண் பொக்கற்றுக்குள்ள வைச்சிட்டு, வெறுங் கரண்டியோட ஓடி வந்து முடிச்சுது. ஏனம்மா எண்டு கேட்டன். "விழுந்தால் மண் ஒட்டிப் போடும்" எண்டுது.

சேருக்கு வேண்டியது உயரம் பாயிற மெத்தை ஒண்டு. இப்ப மணலுக்கு மேல தும்பு அடைஞ்ச சாக்குத்தான் கிடக்கு. 120 ரீசேட் லண்டனில அடிச்சுப் பிளேனில போன காசு எவ்வளவு எண்டு கணக்கு அண்ணை சொல்லட்டும்.

சின்னக்கா, ஸ்காபரோ

*

தங்கச்சி,

ரீசேட் பில்லைத்தான் நானும் மூண்டு மாசமாக் கேக்கிறன். வந்த பில்லுகளைச் சொல்லுறன். முட்டை 90 எண்டு கிடக்கு. படங்களைப் பெரிசாக்கி எண்ணினன். நாலு ஓட்டம், ஓட்டத்துக்கு எட்டுப் பேர், பொக்கற்றுக்குள்ள போனதோட 32. மிச்சம் 58 எங்கை? ஒலிபெருக்கிக்கு இரண்டு தரம் எழுதியிருக்கு. சுண்ணாம்பு ஆறு பாக், காத்தோட போனதுக்கும் நாங்கள்தான் காசு. வாசிகசாலைக் கூரைக்கே இன்னும் ரசீது வரேல்லை. அதை ஆற்றை கையில குடுத்தது எண்டு எல்லாருக்கும் தெரியும், நான் வாய் திறக்கேல்லை.

மெத்தை எண்டால் மூண்டு கடையில விலை எழுதி எடுத்து, அதிபரின்ர ஒப்பத்தோட வரட்டும். அதுவரைக்கும் ஒரு பென்ஸ் அசையாது.

பழைய பொருளாளர், ஹரோ

*

முட்டை எண்ணுறதை விடுங்கோ. ஊர்ப் பிள்ளை முட்டையை ஒளிச்சதெண்டு இஞ்ச எழுதினது எனக்குத் துண்டற விருப்பமில்லை. எங்கட ஊரில கலியாணம் செய்த வேற ஊராக்களும் இதை வாசிக்கினம் பிள்ளை.

மெத்தை, மெத்தை எண்டு என்ன கதை? 1958 இல ரோக்கியோவில ஆசிய விளையாட்டில உயரம் பாய்ஞ்சு தங்கம் எடுத்த எதிர்வீரசிங்கம் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிப் பிள்ளை. இலங்கைக்கு ஆசியப் போட்டியில கிடைச்ச முதல் தங்கம் அது. அவர் மெத்தையில விழுந்தே பழகினவர்? நாங்கள் கிணத்துக் கயித்தைக் குறுக்கால கட்டிப் பாய்ஞ்சனாங்கள். 1978 இல நீல இல்லத்துக்குத் தென்னோலையில கோபுரம் கட்டினது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. இரவிரவா நித்திரை முழிச்சுப் பின்னினது. விடியப் போய்ப் பாத்தால் பாதிக் கோபுரத்தை மாடு திண்டிட்டுது. அது ஆற்றை மாடெண்டு கணக்குத் தம்பிக்கு நல்லாத் தெரியும்.

லாச்சப்பல் மாமா

*

மாட்டுக்கு நட்ட ஈடு ஐயா அப்பவே குடுத்தவர். எழுதின துண்டு இருக்கு.

ஹரோ

*

மாமா, நான் ஒளிச்சதெண்டு எழுதேல்லை. வைச்சதெண்டுதான் எழுதினனான். திரும்ப வாசியுங்கோ.

1958 இல கம்புக்கு முதுகைக் குடுத்து ஒருதரும் பாயேல்லை. 1968 இல மெக்சிக்கோ ஒலிம்பிக்கில அமெரிக்காக்கார பொஸ்பரி அப்பிடிப் பாய்ஞ்சு தங்கம் எடுத்த பிறகுதான் உலகம் முழுக்க அது வந்தது. சாக்கில முதுகால விழுந்தால் கழுத்து மிஞ்சாது. அதால சேர் இப்பவும் காலைக் கத்தரிக்கோல் மாதிரி வீசிப் பாயத்தான் பழக்கிறார். பத்தாம் வகுப்புப் பெட்டை ஒண்டு வலயத்துக்குப் போய், மற்றப் பள்ளிக்கூடப் பிள்ளையள் மெத்தையில மல்லாந்து விழுறதைப் பாத்துக்கொண்டு நிண்டதாம்.

விலை எழுதி எடுக்கச் சொல்லிச் சேருக்கு நேற்று வட்சப்பில போட்டிட்டன். பதில் வந்த உடன அனுப்புறன்.

அந்த 58 முட்டை மத்தியானம் குழம்பாப் போனது அண்ணை. ரீச்சர்மார், பந்தல்காரர், ஒலிபெருக்கிப் பெடியள் எல்லாரும் சாப்பிட்டவை. நான் ரெண்டு சாப்பிட்டனான், என்ர பேரில எழுதுங்கோ.

சின்னக்கா