துரத்தித் துரத்தி விற்பவர்களுக்குப் புதுப் பெயர்கள் தேவை

மலர்க்குழு:
குடியிருப்போர் சங்கத்தின் பொங்கல் மலரில் அரைப்பக்கம் ‘புதுச்சொல் அகராதி’ போடுகிறோம். வேண்டாம் என்றாலும் விடாமல் விற்பவர்கள்தான் பொருள். துணிக்கடையில் பின்னாலேயே வருபவர், கடன் வேண்டுமா என்று போன் செய்பவர், தண்ணீர் மெஷின் டெமோ காட்ட வீடேறி வருபவர், பாலிசியோடு வரும் சொந்தக்காரர், மனை விற்பவர். ஆளுக்கு ஒரு சொல்லாவது வேண்டும். ‘தொல்லைபேசி’ வேண்டாம், அது தேய்ந்துபோய்விட்டது. பள்ளிப் பிள்ளையும் தாத்தாவும் விளக்கம் இல்லாமல் சிரிக்க வேண்டும். இதற்கு ஏதாவது முறை உண்டா?

உகரக்குறுக்கம்:
உண்டு. வெறும் காற்றிலிருந்து சொல் கட்டாதீர்கள். எல்லோருக்கும் தெரிந்த ஒரு சொல்லை எடுத்து, பாதியை அப்படியே வைத்து மறுபாதியை மட்டும் மாற்றுங்கள். பழைய சொல் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தால்தான் சிரிப்பு வரும். ‘வாடிக்கையாளர் நச்சரிப்பாளர்’ மாதிரி விளக்கிச் சொன்னால் அது அரசாணை.

இகரத்தில் முடியும் பெயர்கள் இதற்கு வாகானவை. பாலூட்டி → கடனூட்டி (போனில் கடன் புகட்டுபவர்). தொலைநோக்கி → தொல்லைநோக்கி (புடவை அடுக்கைத் தொடும் முன்பே மூன்றடி தூரத்தில் நின்று முறைப்பவர்). ஒட்டுண்ணி → விற்றுண்ணி. இது எல்லா வகைக்கும் பொருந்தும். மூன்றும் ஆறு எழுத்துக்கு மேல் போகவில்லை, கவனித்தீர்களா? எட்டைத் தாண்டினால் பெரும்பாலும் நாக்கில் நிற்காது.

புணர்ச்சி சரியாக இருக்க வேண்டும். ‘உயிர்வரின் உக்குறள் மெய்விட்டு ஓடும்’ (அடுத்து உயிரெழுத்து வந்தால் முன்சொல்லின் கடைசிக் குற்றியலுகரம் மறையும்) என்ற நன்னூல் விதிப்படி விற்று + உண்ணி = விற்றுண்ணி. அதை ‘விற்றுவுண்ணி’ என்று அச்சிட்டால் ஒட்டுண்ணி காதில் விழாது, சொல் செத்துவிடும்.

கட்டியபின் பேச்சு வழக்கிலும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். விற்றுண்ணி வாயில் ‘வித்துண்ணி’ ஆகும். விதை தின்னும் குருவி என்று ஒரு அர்த்தம் ஒட்டிக்கொள்ளும். கெடுதல் இல்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். வெப்பமானியை வைத்து பைமானி (வாசலிலேயே நம் செருப்பையும் கைக்கடிகாரத்தையும் பார்த்து பட்ஜெட்டை அளந்துவிடுபவர்) அழகான சொல்தான். அச்சுப்பிழையில் பை ‘பே’ ஆனால் சென்னைத் தமிழில் வசவு. பிழை திருத்துபவர் யார் என்று பார்த்துப் போடுங்கள்.

மாம்பலம் ஸ்டேஷன்:
ரங்கநாதன் தெருவுக்கு இவ்வளவு இலக்கணம் தேவையில்லை சார். கடை வாசலில் நின்று “வாங்கண்ணே, வாங்கக்கா, பாக்க காசில்ல” என்று கூவுபவர் வாங்கண்ணன். உள்ளே வா என்பதும் பொருளை வாங்கு என்பதும் ஒரே சொல்லில் இருக்கிறது. பெண்பால் வாங்கக்கா.

போன் பார்ட்டிக்கு: விளம்பர அழைப்புகளுக்கென்று 140 என்று தொடங்கும் எண் வரிசை ஒதுக்கியிருக்கிறார்கள். அதனால் நூற்றுநாற்பதிகாரி. ஆனால் தொல்லையில் பாதி சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்துதான் வருகிறது. அவர்களுக்குக் கடனூட்டியே போதும்.

உகரக்குறுக்கம்:
விதிப்படி அது ‘நாற்பததிகாரி’. ஒரு தகரத்தை விழுங்கிவிட்டீர்கள். இங்கே விழுங்கியதுதான் சரி, விதியைக் காப்பாற்றினால் சொல் திக்குகிறது. வாங்கண்ணனும் அப்படியே, இரண்டு உயிரைச் சேர்க்க நடுவில் வரும் உடம்படுமெய் ‘வ்’ போட்டால் ‘வாங்கவண்ணன்’ ஆகிவிடும். கேட்ட கூவல் காதில் இருக்க வேண்டிய இடத்தில் நன்னூலை ஓரமாக வையுங்கள்.

குழாயடி:
தண்ணீர் மெஷின்காரருக்கு கலங்கடிப்பான். அழிப்பான், தெளிப்பான் வரிசையில் வருவது. நீரையும் கலக்குவார், நம்மையும் கலங்கடிப்பார்.

பக்கத்தில் நாலு வரி விளக்கமும் போடலாம், பலருக்குப் பயன்படும். டெமோவில் இரண்டு டம்ளர் வைப்பார்கள், ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் ஆர்.ஓ. தண்ணீர். இரும்பும் அலுமினியமுமாகக் கம்பிகள் உள்ள கருவியை இரண்டிலும் இறக்கி மின்சாரம் விடுவார்கள். குழாய்த் தண்ணீர் சில நிமிடங்களில் பழுப்புச் சகதியாகும். அது தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை. கரைந்த உப்பு இருப்பதால் மின்சாரம் நன்றாகப் பாய்கிறது, இரும்புக் கம்பி அரித்து இரும்பு ஹைட்ராக்சைடாக வெளிவருகிறது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, மின்சாரம் அவ்வளவாகப் பாயாது, அதனால் தெளிவாக நிற்கும். அந்தத் தெளிந்த டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி கம்பியை இறக்கச் சொல்லுங்கள். அதுவும் கலங்கும். அத்தோடு டெமோ முடியும்.

மலர்க்குழு:
கலங்கடிப்பான் உறுதி. பாலிசி உறவினருக்கு ‘பாலிசிமாமா’ என்று எங்கள் குழுவில் ஒருவர் சொல்கிறார், போடலாமா? மனைக்கு இன்னும் எதுவும் சிக்கவில்லை.

அகராதி பிடித்தவர்:
மாமாவை விட்டுவிடுங்கள், அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் இருப்பது உங்களுக்கே தெரியும். அதேபோல் சாதிப் பெயர், ஊர்ப் பெயர், உடல்வாகு எதுவும் சொல்லில் வரக்கூடாது. டார்கெட்டுக்காகக் கால் கடுக்க நிற்பவரை அல்ல, அந்த நச்சரிப்பைத்தான் கிண்டல் செய்கிறோம். ஆள் பெயர் உறுத்தினால் ஆளை விட்டு நிலைமைக்குப் பெயர் வையுங்கள். சித்தப்பா பாலிசி விளக்கி முடித்ததும் நமக்கு ஏற்படும் மயக்கம் சித்தப்பிரீமியம். சித்தப்பிரமையும் உள்ளே கேட்கிறது. அவரே படித்தாலும் சிரிப்பார்.

மனைக்கு அருகாமையார். “ஸ்டேஷனுக்கு மிக அருகாமையில்” என்று நோட்டீஸ் அடிப்பவர். அருகாமை என்றால் அருகில் இல்லாமை என்று பொருள்படும், ‘அருகில்’ என்றே எழுதுங்கள் என்று தமிழாசிரியர்கள் திருத்துவது வழக்கம். மனை விஷயத்தில் நோட்டீஸ்காரர்தான் உண்மையைச் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று. ‘மனைவிற்பவர்’ என்று சேர்த்து அடிக்காதீர்கள். வரி மடங்கும் இடத்தில் ‘மனைவி’ தனியாக நின்றால் மலர்க்குழுவுக்குத்தான் வம்பு.

உகரக்குறுக்கம்:
அச்சில் அகராதி மாதிரியே போடுங்கள்: சொல், இலக்கணக் குறிப்பு, பொருள், ஒரு வாக்கியம். முகத்தைச் சீரியசாக வைத்துக்கொண்டால்தான் எடுபடும், ஆச்சரியக்குறி ஒன்றுகூட வேண்டாம். மாதிரிக்கு:

கடனூட்டி (பெ.) பசியில்லாதவருக்கும் தவணையில் ஊட்டுபவர். *“மதியம் தூங்கவிடாமல் மூன்று கடனூட்டிகள்.”* மலைவாசத்தலம் அன்று.

மாம்பலம் ஸ்டேஷன்:
வாங்கண்ணனுக்கு வாக்கியம் நான் தருகிறேன்: *“கர்ச்சீப் வாங்கப் போனேன், வாங்கண்ணன் பார்த்துவிட்டார், மூன்று பட்டுவேட்டி.”*