ஐஸ்லாந்து ஜெயிச்சது அதிர்ஷ்டமா, கோச்சா, இல்ல பசங்களை வளர்த்த விதமா?

பெஞ்ச்பிளேயர் கேட்டது:

எங்க ரூம்ல நேத்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் இதே சண்டை, அதான் இங்க வந்து கேக்குறேன். 2016 யூரோ கால்பந்துப் போட்டில ஐஸ்லாந்து இங்கிலாந்தை 2-1னு தோக்கடிச்சு வெளிய அனுப்புனாங்கல்ல, அந்த மேட்ச் நமக்கு நடுராத்திரி பன்னெண்டரைக்கு, வீட்ல எல்லாரும் தூங்கிட்டாங்கன்னு சவுண்டை அணைச்சுட்டு டிவிக்கு பக்கத்துல உக்காந்து பாத்தேன், அன்னிலேர்ந்து அந்த டீம் மேல ஒரு பாசம். மொத்த நாட்டுக்கும் அப்போ மூணேகால் லட்சம் சொச்சம் ஜனம்தான். ஃப்ரெண்ட் ஒருத்தன் சொல்றான், நல்ல பசங்க பத்து பேர் ஒரே காலத்துல பொறந்துட்டாங்க, அவ்ளோதான் விஷயம்னு. இன்னொருத்தன் எல்லாமே கோச் லாகர்பேக் வந்ததாலதான்னு ஒத்தக்கால்ல நிக்குறான். நான் கூரைக்குள்ளயே கால்பந்து ஆடுற இன்டோர் ஹால் கட்டுனதுதான் காரணம்னு சொன்னேன், உடனே "அப்போ 2018 உலகக்கோப்பைக்கு அப்புறம் ஏன் ஒரு பெரிய போட்டிக்கும் வரல, ஹாலெல்லாம் அங்கயேதானே இருக்கு"ன்னு கேட்டான். பதில் சொல்ல தெரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கார்னர்கொடி:

ஹால் பத்தி நீங்க சொன்னது பாதிதான் தம்பி. டிசம்பர்ல தலைநகர் ரெய்க்யாவிக்ல வெளிச்சமே நாலஞ்சு மணி நேரம்தான், காத்து வேற, முன்னாடியெல்லாம் பசங்க சரளைக்கல் கிரவுண்டுலதான் ஆடுவாங்க, விழுந்தா முட்டி போச்சு, அதனால தரையில பாஸ் போட்டு ஆடுற பழக்கமே வராது. 2000ல கெஃப்லாவிக்ல முதல் பெரிய இன்டோர் ஹால் வந்துச்சு, அப்புறம் ஒவ்வொரு ஊரா கட்டுனாங்க, ஸ்கூல் பக்கத்துல சின்னச் சின்ன செயற்கைப் புல் கிரவுண்டும் போட்டாங்க.

ஆனா நிறைய பேர் கவனிக்காத விஷயம் கோச்சுங்களை வளர்த்தது. கூரை போட்டுட்டா மட்டும் ஆட்டம் வந்துடாது, உள்ள நின்னு சொல்லிக் குடுக்குற ஆள் வேணும். அங்க அஞ்சு ஆறு வயசுக் குழந்தைக்குக் கூட படிச்சு லைசன்ஸ் வாங்கின, சம்பளம் வாங்குற கோச். 2016 வாக்குல அப்படி தகுதி உள்ளவங்க சுமார் 600 பேர்னு கணக்கு, அந்த ஜனத்தொகைக்கு அது ரொம்பப் பெருசு. இன்னொண்ணு, ஆளே கம்மிங்கறதால எந்தப் பையனையும் "நீ சரிப்பட மாட்ட"ன்னு பன்னெண்டு வயசுலயே கழிச்சுக் கட்ட முடியாது, எல்லாரையும் வச்சு வளர்த்தாகணும்.

தற்செயலா பொறந்தாங்கன்னு சொன்ன ஃப்ரெண்ட்கிட்ட இதைச் சொல்லுங்க. 2010ல ஐஸ்லாந்தோட 21 வயசுக்குட்பட்டோர் டீம் ஜெர்மனியை 4-1னு அடிச்சுது, ஜெர்மனி அப்போ அந்த வயசுப் பிரிவுல நடப்பு ஐரோப்பிய சாம்பியன். அடுத்த வருஷம் டென்மார்க்ல நடந்த யூ21 யூரோவுக்கும் போனாங்க. கில்ஃபி சிகுர்ட்சன், ஆரோன் குன்னர்சன், கோல்பெய்ன் சிக்தோர்சன், பிர்கிர் பியார்னசன், யோஹான் குட்மண்ட்சன், இவங்க அஞ்சு பேரும் அந்தத் தலைமுறை, இங்கிலாந்து மேட்ச்லயும் இந்த அஞ்சு பேரும் முதல் பதினொண்ணுல இருந்தாங்க. திடீர்னு முளைச்சவங்க இல்ல.

லாங்த்ரோ:

மேல சொன்னது சரி, ஆனா பசங்க 2010லயே இருந்தாங்களே, 2012 ஏப்ரல்ல சீனியர் டீம் உலக ரேங்க் 131. நல்ல அரிசி வீட்ல இருந்தாலும் சமைக்க ஆள் வேணும்ல. 2011 கடைசில லாகர்பேக் வந்தாரு, கூட ஹெய்மிர் ஹல்கிரிம்சன், இவரு ஒரு சின்ன தீவுல பல் டாக்டரா இருந்துக்கிட்டே கோச்சிங் பண்ணவரு. ரேங்க் 2018 பிப்ரவரில 18க்கு வந்துச்சு.

அவங்க பண்ணது ஒண்ணும் மாயமில்ல, 4-4-2 (பின்னாடி நாலு பேர், நடுவுல நாலு, முன்னாடி ரெண்டு), ரெண்டு வரிசைக்கும் நடுவுல இடம் விடாம நிக்கறது, இருக்குற பலத்தை விடாம யூஸ் பண்றது. இங்கிலாந்து மேட்ச் ஆறாவது நிமிஷம் திரும்பப் போட்டுப் பாருங்க. ரூனி பெனால்டி போட்டு ரெண்டு நிமிஷம்தான் ஆகுது. ஆரோன் குன்னர்சன் பந்தை துடைச்சுட்டு பின்னாடி போயி ஓடி வந்து எறியறாரு (சின்ன வயசுல ஹேண்ட்பால் ஆடுனவரு, அந்தத் தோள் பலம் அங்கேர்ந்து வந்தது), பந்து நேரா கோல் பாக்ஸுக்குள்ள, காரி அர்னசன் தலையால லேசா பின்னாடி தட்டுறாரு, ரக்னர் சிகுர்ட்சன் கைல் வாக்கரைத் தாண்டி ஓடி வந்து காலை நீட்டுறாரு, கோல். இதை லக்குன்னு சொல்ல முடியுமா? அஞ்சு நாள் முன்னாடி ஆஸ்திரியா மேல முதல் கோலும் இதே மாதிரிதான், அதே ஆள் எறிஞ்சு, அதே அர்னசன் தட்டி, பொத்வார்சன் அடிச்சது. எல்லாரும் பாத்ததுதான், இருந்தும் தடுக்க முடியல. ப்ராக்டிஸ்ல எத்தனை தடவை எறிஞ்சிருப்பாங்கன்னு நினைச்சாலே எனக்கு மரியாதை வருது.

ஹெய்மிர் பத்தி இன்னொண்ணு. சொந்த ஊர் மேட்சுக்கு முன்னாடி ரசிகர்கள் கூடுற பப்புக்கு அவரே போயி, இன்னிக்கு யார் யார் ஆடப் போறாங்க, எப்படி ஆடப் போறோம்னு சொல்லிட்டு வருவாரு. ஒருத்தர் கூட அதை வெளிய விட மாட்டாங்க. சின்ன நாட்டுல மட்டும் நடக்கக்கூடிய விஷயம் இது.

நடுராத்திரிமேட்ச்:

ரெண்டு பேரும் அதிர்ஷ்டத்தை ஓரமா தள்ளி வச்சுட்டீங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. அந்த யூரோல அஞ்சு மேட்ச்லயும் அதே பதினொரு பேர்தான் முதல்ல இறங்குனாங்க. பதினொரு பேர்ல ஒருத்தனுக்குக் கூட தசை பிடிக்கல, ரெட் கார்டு இல்ல, சஸ்பென்ஷன் இல்ல. மாத்த ஆள் கம்மியா இருக்குற டீமுக்கு இதைவிட பெரிய அதிர்ஷ்டம் என்ன இருக்கு?

ஆஸ்திரியா மேட்ச்ல ஐஸ்லாந்து 1-0ல முன்னாடி இருந்தப்போ அவங்க டிராகோவிச் பெனால்டியை போஸ்ட்ல அடிச்சாரு. அப்புறம் 1-1, கடைசி மூச்சுல 94வது நிமிஷம் டிராஸ்டசன் அடிச்ச கோல். அந்த ஒரு கோல் என்ன பண்ணுச்சுன்னு பாருங்க. அது விழலன்னா அதே குரூப்ல இருந்த போர்ச்சுகல் ரெண்டாவது இடம், நேரா இங்கிலாந்து கூட ஆடணும். விழுந்ததால ஐஸ்லாந்து ரெண்டாவது, போர்ச்சுகல் மூணு மேட்சும் டிரா பண்ணி மூணாவது, அந்த வருஷம்தான் முதல்முறையா 24 டீம் வச்சதால மூணாவது வந்தவங்களுக்கும் இடம் கிடைச்சுது, அதுலயும் பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின், இங்கிலாந்து எல்லாம் ஒரு பக்கம் மாட்டிக்க போர்ச்சுகல் மறுபக்கம் போயி கப்பையே தூக்கிட்டாங்க. ஃபைனல்ல கூட 90 நிமிஷம் முடிஞ்ச பிறகு பிரான்ஸோட ஜின்யாக் அடிச்சது போஸ்ட்ல பட்டு திரும்பிடுச்சு. அது உள்ள போயிருந்தா இன்னிக்கு நாம வேற கதை பேசிட்டு இருப்போம். போர்ச்சுகல் நல்ல டீம் இல்லன்னு சொல்லல, நல்ல டீமா இருந்தாலும் போஸ்ட்டும் மனசு வைக்கணும்னு சொல்றேன்.

வடக்குக்காத்து:

நான் ஒஸ்லோவில இருக்கிறன், மகள் இஞ்ச ஒரு கிளப்பில விளையாடுறா. கோச்தான் எல்லாம் எண்டு சொன்ன தம்பிக்கு ஒரு விசயம். அதே லாகர்பேக்தான் 2017இல நோர்வேக்கு வந்தவர். அதே 4-4-2, அதே ஒழுங்கு. ஹாலண்ட், ஓடெகார்ட் எண்டு ரெண்டு பெரிய ஆட்டக்காரரும் கையில இருந்தும், யூரோவுக்குத் தகுதி பெற 2020 ஒக்டோபரில நடந்த கடைசிக்கட்ட பிளே-ஓஃபில சேர்பியாவிட்ட மேலதிக நேரத்தில 1-2 எண்டு தோத்தம். வீட்டில ஒருத்தரும் பேசேல்ல அண்டைக்கு. அந்த வருசக் கடைசியோட அவரும் போயிட்டார். ஆள் மாறேல்ல, கையில கிடைச்ச பிள்ளையள் வேற, அவையளுக்கு வேற ஆட்டம் வேணும் எண்டுதான் நான் நினைக்கிறன்.

பிறகு சோல்பாக்கன் கோச்சா வந்தார். 2022 உலகக்கிண்ணமும் இல்லை, 2024 யூரோவும் இல்லை. 2023இல ஸ்கொட்லாந்தோட 87வது நிமிசம் வரைக்கும் 1-0 எண்டு முன்னுக்கு நிண்டு ரெண்டு கோல் வாங்கித் தோத்தம். எல்லாரும் அவரை அனுப்புங்கோ எண்டுதான் கத்தினவை, நானும்தான். சங்கம் அனுப்பேல்ல. அவரோடயே 2026 தகுதிச்சுற்றில எட்டு மட்ச், எட்டும் வெற்றி, 1998க்குப் பிறகு முதல்தரம் உலகக்கிண்ணம். பொறுத்திருந்ததும் ஒரு வேலைதான்.

பிள்ளையளை வளர்க்கிறதிலயும் ஐஸ்லாந்து மாதிரி இஞ்ச இல்லை. மகளின்ர ரீமுக்கு கோச் இன்னொரு பிள்ளையின்ர அப்பா, சம்பளம் இல்லை. சின்னப் பிள்ளையளுக்கு புள்ளிப்பட்டியலே கிடையாது, ஆர் முதலாவது எண்டு ஒருத்தரும் எழுதக்கூடாது. முதல்ல எனக்கு இது விளங்கேல்ல, போட்டி இல்லாம என்ன விளையாட்டு எண்டு நினைச்சன். போன பனிக்காலம் மைனஸ் பத்தில காலமை ஆறு பிள்ளையள் தாங்களாவே சவள் எடுத்து கோல்வாயில கிடந்த பனியைத் தள்ளிப்போட்டு விளையாடினதைப் பாத்தாப்பிறகுதான் விளங்கிச்சுது.

பெஞ்ச்பிளேயர்:

எல்லாருக்கும் நன்றி, இவ்ளோ எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. ஆனா என் ஃப்ரெண்ட் கேட்ட கேள்வி இன்னும் நிக்குது, 2018க்கு அப்புறம் என்ன ஆச்சு?

கார்னர்கொடி:

வயசு ஆச்சு தம்பி, அதுதான் பெருசு. பெரிய நாட்டுல ஒருத்தன் போனா அதே இடத்துக்கு இருபது பேர் வரிசையில நிப்பான், இங்க ஒருத்தனே நின்னா அதிசயம். கோல்பெய்ன் 2016க்கு அப்புறம் ரொம்ப நாள் காயத்துல போயிட்டாரு, 2018ல அவர் இல்ல. ஹெய்மிரும் 2018 முடிஞ்சதும் விலகிட்டாரு, அடுத்து வந்தவர் காலத்துல சுவிட்சர்லாந்துகிட்ட 0-6.

ஆனா காணாமப் போயிட்டாங்கன்னு சொல்றதும் தப்பு. 2020 நவம்பர், புடாபெஸ்ட், யூரோவுக்குள்ள போக கடைசி மேட்ச், ஹங்கேரி கூட. 11வது நிமிஷம் கில்ஃபி ஃப்ரீ கிக், 1-0. 88 வரைக்கும் அதே ஸ்கோர். 88ல நேகோ ஒண்ணு, 92ல சோபோஸ்லாய் தூரத்துலேர்ந்து ஒண்ணு, முடிஞ்சுது. 2024லயும் அதே கதை, உக்ரைன்கிட்ட கடைசி பிளே-ஆஃப், 1-0ல முன்னாடி இருந்து 84வது நிமிஷம் விழுந்த கோல்ல 1-2.

ஹாலும் கோச்சும் இருந்ததாலதான் ரெண்டு தடவையும் வாசல் வரைக்கும் வந்தாங்க. மூணு லட்சம் சொச்சம் பேர்ல இருந்து திரும்பத் திரும்ப அங்க வந்து நிக்கிறதே எனக்கு 2016ஐ விட பெருசா தெரியுது. உங்க ஃப்ரெண்டை அந்த ஹங்கேரி மேட்ச் கடைசி பத்து நிமிஷம் பாக்கச் சொல்லுங்க.

பெஞ்ச்பிளேயர்:

இப்பவே தேடிட்டு இருக்கேன், இன்னிக்கு ராத்திரி ரூம்ல எல்லாரையும் உக்கார வச்சு போடுறேன்.